கருத்துக்கணிப்பும் நமது சாட்சியமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சென்ற வாரம் ஒருநாள் இஷாத் தொழுகை முடிந்து, வானகரத்தில் எங்கள் மஹல்லா பள்ளிவாசலின் திண்ணையில் சிலர் அமர்ந்திருந்தோம். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், இன்று வேலைக்குச் செல்லும் இளைஞர், கைப்பேசியை நீட்டி, "ஹஜ்ரத், அடுத்த முதலமைச்சர் யாருன்னு முடிவாகிடுச்சு, பாருங்க" என்றார். ஏதோ ஒரு கருத்துக்கணிப்பின் விழுக்காடுகள் அதில் இருந்தன. அருகில் இருந்த பெரியவர் தம் கைப்பேசியைத் திறந்தார். அதில் வேறொரு கணிப்பு, நேர்மாறான முடிவு. பேச்சு வாக்குவாதமாயிற்று, பள்ளிவாசல் என்பதையும் மறந்து குரல்கள் உயர்ந்தன.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "டிசம்பர் 19 அன்று வரைவு வாக்காளர் பட்டியல் வெளிவந்ததே, அதில் உங்கள் வீட்டார் எல்லோருடைய பெயரும் இருக்கிறதா?"

திண்ணை அமைதியாயிற்று. இருந்தவர்களில் பாதிப்பேர் இன்னும் பார்க்கவே இல்லை. மாநிலம் முழுவதும் யாருக்கு எத்தனை விழுக்காடு என்பது தெரிந்திருக்கிறது. தன் வீட்டு அம்மாவுக்கு வாக்கு இருக்கிறதா என்பது தெரியவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த அமைதிதான்.

கணிப்பு என்பது செய்தியா, தீர்ப்பா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். கருத்துக்கணிப்பு என்பது குறி சொல்வதன்று. அதை மார்க்கத்திற்கு முரணானது என்று ஒதுக்குவது சரியன்று. நாளை என்ன சம்பாதிப்போம் என்பதை எந்த ஆன்மாவும் அறியாது என்று திருமறையின் 31ஆம் அத்தியாயம் உணர்த்துகிறது. நேர்மையான கணிப்பாளர் அந்த மறைவான ஞானத்தை உரிமை கொண்டாடுவதில்லை. "இன்று, இத்தனை பேரிடம், இந்தக் கேள்வியைக் கேட்டோம், இவ்வாறு பதில் சொன்னார்கள்" என்பதே அவர் சொல்வது. அது ஒரு செய்தி. அதைக் கேட்பவர்தான் "முடிவாகிவிட்டது" என்று தீர்ப்பாக மாற்றிக்கொள்கிறார்.

செய்தியை எவ்வாறு கையாள வேண்டும் என்பதை நம் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. நம்பகமற்றவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்காமல் செயல்பட்டால் பின்னர் வருந்த நேரிடும் என்று ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் எச்சரிக்கிறது. அமைதியைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ ஒரு செய்தி வந்தவுடனேயே அதைப் பரப்பிவிடுவோரை, நிஸா அத்தியாயத்தின் 83ஆம் வசனம் கண்டிக்கிறது. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒரு மனிதனைப் பொய்யனாக்கப் போதுமானது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கணிப்பைத் தட்டிவிடும் முன் இம்மூன்றையும் ஒருமுறை நினைத்தால் போதும்.

மதீனாவில் நடந்த ஒரு கருத்தறிதல்

மக்களின் கருத்தைக் கேட்டறிவது நம் வரலாற்றுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 23ஆம் ஆண்டில் உமர் (ரலி) அவர்கள் குத்தப்பட்டுக் கிடந்தபோது, அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஆறு தோழர்களிடம் ஒப்படைத்தார்கள். அவர்களில் ஒருவரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் முதலில் செய்த காரியம் என்ன? "எனக்கு இப்பொறுப்பு வேண்டாம்" என்று தம்மைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். அதன் பிறகே உஸ்மான் (ரலி), அலி (ரலி) ஆகிய இருவரில் மக்கள் யாரை நாடுகிறார்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

மூன்று நாட்கள், இரவு பகலாகக் கேட்டார்கள். தலைவர்களிடமும் படைத்தளபதிகளிடமும் மட்டும் கேட்டு நின்றுவிடவில்லை. திரைக்குப் பின்னால் இருந்த பெண்களிடமும், ஓதும் இடங்களில் இருந்த சிறுவர்களிடமும், மதீனாவுக்கு வந்து இறங்கிய பயணிகளிடமும் நாட்டுப்புற அரபிகளிடமும் கேட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் இப்னு கஸீர் (ரஹ்) பதிவு செய்கிறார். எல்லாம் முடிந்த பின் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் மக்கள் முன்னிலையில் முடிவை அறிவித்தார்கள்.

இந்நிகழ்ச்சியில் மூன்று அளவுகோல்கள் இருக்கின்றன. கேட்பவருக்கு அந்த முடிவில் சொந்த ஆதாயம் இல்லை. வழக்கமாகக் கேட்கப்படாதவர்களும் கேட்கப்பட்டார்கள். கேட்டதன் நோக்கம் மக்களின் விருப்பத்தை அறிவது, அதை வளைப்பதன்று. இன்றைய கணிப்புகள் எதுவாயினும் இந்த மூன்று அளவுகோல்களில் நிறுத்துப் பார்ப்போம்.

கேட்பவர் யார்?

கணிப்பை எடுக்கச் செலவு உண்டு. அந்தச் செலவை யார் ஏற்றார் என்பது முதற்கேள்வி. கணிப்பை வெளியிடும் பத்திரிகைகள் அதை நடத்திய நிறுவனம், நடத்தச் சொன்னவர், எத்தனை பேரிடம் எந்த முறையில் கேட்கப்பட்டது, பிழைக்கான வாய்ப்பு எவ்வளவு என்பதையெல்லாம் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறிமுறை கூறுகிறது. கைப்பேசியில் நமக்கு வந்து சேரும் வண்ணப்படத்தில் இவற்றில் ஒன்றேனும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இரு தலைவர்களின் முகமும் இரண்டு எண்களும் மட்டுமே இருக்கும்.

சட்டமும் இங்கே முழுப் பாதுகாப்புத் தரவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் கருத்துக்கணிப்பு முடிவுகளை ஒளிபரப்புவதைத் தடுக்கிறது. 126அ பிரிவு, வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும் வரை, வாக்களித்து வருவோரிடம் எடுக்கும் கணிப்பை வெளியிடுவதைத் தடுக்கிறது. ஆனால் தேர்தலுக்குப் பல மாதங்களுக்கு முன்னரே வரும் கணிப்புகளுக்கு இத்தடை எதுவும் இல்லை. நம் மனம் உருவாகும் காலமோ அந்த மாதங்கள்தான்.

முந்தி வரும் கணிப்பு எதை அளக்கிறது?

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரை அந்தந்தக் கட்சியின் ஆதரவாளர்களே மாநிலம் மாநிலமாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு ஓராண்டுக்கு முன்பே கணிப்புகள் தொடங்கிவிடும். 2007ஆம் ஆண்டின் பெரும்பகுதியில் அத்தகைய நாடளாவிய கணிப்புகளில் குடியரசுக் கட்சியில் முன்னிலை வகித்தவர் நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி. ஜனநாயகக் கட்சியில் ஹிலாரி கிளிண்டன். 2008 ஜனவரி முடிவதற்குள் ஒரு மாநிலத்தில்கூட வெல்லாமல் ஜூலியானி போட்டியிலிருந்து விலகினார். ஜனநாயகக் கட்சியில் வேட்பாளர் ஆனவர் பராக் ஒபாமா. முந்தி வந்த கணிப்புகள் பெரும்பாலும் அளந்தது, யாருடைய பெயர் மக்களுக்குப் பழக்கம் என்பதைத்தான்.

நம் நாட்டில் அத்தகைய முறை இல்லை. கட்சியின் தலைமையைக் கட்சியின் பொதுக்குழு முடிவு செய்கிறது. வானகரத்தில் வாழும் நமக்கு இது கண்ணெதிரே நடந்த காட்சி. 2022 ஜூலை 11 அன்று நம் ஊரின் திருமண மண்டபம் ஒன்றில்தான் அ.இ.அ.தி.மு.க. பொதுக்குழு கூடி எடப்பாடி பழனிசாமி அவர்களை இடைக்காலப் பொதுச்செயலாளராகத் தேர்ந்தெடுத்தது. 2016 டிசம்பர் 29 அன்று சசிகலா அவர்களைப் பொதுச்செயலாளராக்கித் தீர்மானம் நிறைவேற்றிய பொதுக்குழுவும் இதே வானகரத்தில்தான் கூடியது. முடிவெடுத்தோர் மண்டபத்துக்குள் இருந்தார்கள். நாம் வெளியே போக்குவரத்து நெரிசலில் நின்றோம். எந்தக் கட்சியானாலும் நிலைமை ஏறத்தாழ இதுதான்.

ஆகவே, "அடுத்த முதலமைச்சராக யாரை விரும்புகிறீர்கள்?" என்று கூட்டணிகள் உறுதியாகாத, வேட்பாளர்கள் அறிவிக்கப்படாத காலத்தில் கேட்கும்போது கிடைக்கும் பதில், பெயர்ப் பழக்கத்தின் அளவாகவே பெரிதும் இருக்கும். இம்முறை இன்னொரு சிக்கலும் உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட தமிழக வெற்றிக் கழகம் 2025 இறுதி வரை சட்டமன்றப் பொதுத்தேர்தல் எதையும் சந்தித்திருக்கவில்லை. பழைய கட்சிக்கு முந்தைய தேர்தலின் வாக்கு விவரம் இருக்கிறது; அதனோடு ஒப்பிட்டுக் கணிப்பாளர் தம் எண்ணைச் சரிபார்க்கலாம். புதிய கட்சிக்கு அந்த உரைகல் இல்லை. அதற்கு அதிகமாகச் சொன்னாலும் குறைவாகச் சொன்னாலும், சொல்பவர் இருட்டில் கை நீட்டுகிறார் என்பதே உண்மை.

கேட்கப்படாதவர் யார்?

1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற இதழ் ஒரு கோடிப் பேருக்கு அட்டைகளை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் எழுதினர். லேண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. 48 மாநிலங்களில் 46இல் ரூஸ்வெல்ட் வென்றார். முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்ததும், பதில் எழுதியோர் ஒரு சாரார் மட்டுமே என்பதும் காரணங்களாகப் பின்னர் சொல்லப்பட்டன. எண்ணிக்கை எவ்வளவு பெரிதாயினும், ஒரு பகுதியினரைக் கேட்காமல் விட்டால் விடை பிழைத்துவிடும்.

நம் தெருவை எண்ணிப் பாருங்கள். வானகரம் மீன் சந்தைக்கு விடியுமுன் சென்று, பகலில் உறங்கும் தொழிலாளியைக் கைப்பேசிக் கணிப்பு எட்டுவதில்லை. கதவைத் தட்டினால், "அத்தா வெளியே போயிருக்காங்க, அப்புறம் வாங்க" என்ற பதிலோடு நம் வீட்டுப் பெண்களின் கருத்து முடிந்துவிடுகிறது. முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் பெயரைக் கேட்டு, பிறகு யாருக்கு வாக்களிப்பீர்கள் என்றும் கேட்டால், அச்சத்தால் நம்மில் பலர் இணைப்பைத் துண்டிக்கிறோம். சிலர் ஏதோ ஒரு பெயரைச் சொல்லித் தப்பிக்கிறோம். திரைக்குப் பின்னால் இருந்தவர்களையும் தேடிச் சென்று கேட்ட அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் பொறுமை இங்கே இல்லை.

"முஸ்லிம்களில் இத்தனை விழுக்காடு இன்ன கட்சிக்கு" என்று வரும் அறிவிப்பைக் குறித்தும் ஒரு கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு. மாநிலம் முழுவதும் 3,000 பேரிடம் கேட்டால் அதில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 176 பேர் இருப்பர். 3,000 பேரிடம் சரியான முறையில் கேட்டால் பிழை இரண்டு விழுக்காடு அளவில் நிற்கும். 176 பேரிடம் கேட்டாலோ, அது மேலும் கீழும் ஏழெட்டு விழுக்காடு வரை செல்லும். அறுபது என்று சொன்னால் ஐம்பத்து மூன்றாகவும் இருக்கலாம், அறுபத்தேழாகவும் இருக்கலாம். அதே 3,000 பேரை 234 தொகுதிகளுக்குப் பகிர்ந்தால் தொகுதிக்குப் பதின்மூன்று பேர்கூட வரமாட்டார்கள். நம் மதுரவாயல் தொகுதியின் முடிவைப் பதின்மூன்று பேரைக் கொண்டு எவரால் சொல்ல முடியும்?

பிடித்தால் அறிவியல், பிடிக்காவிட்டால் சதி

இவ்வளவும் எழுதியதால் எல்லாக் கணிப்பும் பொய் என்று நான் சொல்வதாக எவரும் கருத வேண்டாம். 2021இல் பல கணிப்புகள் தி.மு.க. கூட்டணி வெல்லும் என்றன, அவ்வாறே நிகழ்ந்தது. 2016இலோ, வாக்குப்பதிவு முடிந்த மாலையில் பல நிறுவனங்கள் தி.மு.க.வே முன்னிலை என்றன. தேர்தல் நடந்த 232 தொகுதிகளில் 134இல் அ.இ.அ.தி.மு.க. வென்று ஆட்சியைத் தக்கவைத்தது. இரு அணிகளுக்கும் இடையே வாக்கு வேறுபாடு ஏறத்தாழ ஒரு விழுக்காடு மட்டுமே. அதாவது, கணிப்பில் இயல்பாக ஏற்படும் சிறு பிழையே ஆட்சி யாருடையது என்பதை மாற்றிக் காட்டப் போதுமானதாக இருந்தது. 2004இல் வாஜ்பாய் ஆட்சி மீண்டும் வரும் என்ற கணிப்புகளும், 2024இல் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் என்ற கணிப்புகளும் என்னவாயின என்பதை அனைவரும் அறிவோம். முன்னது தோற்றது, பின்னது 293இல் நின்றது.

நம்மிடம் உள்ள குறை வேறு. நாம் விரும்பும் முடிவு வந்தால் "அறிவியல் முறையில் எடுத்தது" என்கிறோம். விரும்பாத முடிவு வந்தால் "விலைபோன கணிப்பு" என்கிறோம். இரண்டையும் விசாரிக்கவில்லை. நமக்கே பாதகமாக இருப்பினும் நீதியில் நிலைத்திருக்குமாறு நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் ஏவுகிறது. அந்த நீதி செய்திக்கும் பொருந்தும். பிடித்த கணிப்பையும் பிடிக்காத கணிப்பையும் ஒரே தராசில் நிறுக்கும் மனமே முஃமினின் மனம்.

நான் செய்த தவறு

இதைப் பிறருக்கு மட்டும் நான் சொல்லவில்லை. 2016 மே 16, வாக்குப்பதிவு நாள். என் தாயார் காலையிலேயே ஆயத்தமாகி அமர்ந்திருந்தார்கள். முழங்கால் வலியால் நடக்க இயலாது. வாகனத்தில் அழைத்துச் செல்ல வேண்டும். நானோ அதற்குச் சில நாட்களுக்கு முன்பு ஒரு கணிப்பைப் படித்து, முடிவு தெரிந்துவிட்டது என்ற எண்ணத்தில் இருந்தேன். "யார் வரப்போறாங்கன்னு தெரிஞ்சு போச்சும்மா. இந்த வெயில்ல நீங்க வேற எதுக்குக் கஷ்டப்படணும்?" என்றேன்.

அவர்கள் என்னைப் பார்த்து, "யாரு வருவாங்கன்னு நான் உன்கிட்ட கேக்கலியே. என் ஓட்டை நான் போடணும்னுதானே சொன்னேன்" என்றார்கள். பிற்பகலில் அழைத்துச் செல்கிறேன் என்றேன். வேறு வேலை வந்தது, செல்லவில்லை. அதற்கடுத்த தேர்தலுக்கு அவர்கள் இல்லை. நான் நம்பிய அந்தக் கணிப்பும் பிழைத்துப்போனது. சரியாகவே இருந்திருந்தாலும் என் தவறு தவறுதான். வாக்கு என்பது வெல்பவரை ஊகித்துச் சொல்லும் போட்டியன்று. இவர் இப்பொறுப்புக்குத் தகுதியானவர் என்று அளிக்கும் சாட்சியம் அது என்றே மார்க்க அறிஞர் பலர் விளக்கியிருக்கின்றனர். சாட்சியத்தை மறைக்காதீர்கள் என்று பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் கூறுகிறது. நீதிபதி என்ன தீர்ப்பு அளிக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதற்காக ஒரு சாட்சி வீட்டில் தங்கிவிட முடியுமா? நான் என் தாயாரின் சாட்சியத்தை அன்று தடுத்துவிட்டேன்.

ஒரு வாக்கால் என்ன ஆகும் என்று கேட்போருக்கும் விடை அருகிலேயே இருக்கிறது. 2021இல் தியாகராய நகர் தொகுதியில் வெற்றி வேறுபாடு 137 வாக்குகள். 2016இல் இராதாபுரத்தில் 49 வாக்குகள். எங்கள் பள்ளிவாசலில் ஜும்ஆவின் இரண்டு வரிசைகளில் நிற்போர் அதைவிட அதிகம்.

இப்போது செய்ய வேண்டியது

தமிழகத்தில் 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்திற்கு முன் வாக்காளர்கள் 6.41 கோடி. டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் 5.43 கோடி. ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தோரும் இரட்டைப் பதிவுகளும் அதில் உண்டு. இடம்பெயர்ந்தோர், வீட்டில் காணப்படாதோர் என்ற வகையிலும் ஏராளமான பெயர்கள் போயின. மதுரவாயல், வானகரம், பூந்தமல்லிப் பகுதிகளில் வாடகை வீடு மாறி மாறி வாழும் குடும்பங்கள் நம்மில் எத்தனை! படிவம் தர அலுவலர் வந்தபோது வீடு பூட்டியிருந்த குடும்பங்கள் எத்தனை!

எனவே, ஒவ்வொரு வீட்டிலும் இன்றிரவே பட்டியலைப் பாருங்கள். கணவர் பெயர் இருந்தால் மனைவி பெயரும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். திருமணமாகி வந்த பெண்ணின் பெயர் பழைய ஊரிலும் இல்லாமல், இங்கும் இல்லாமல் போயிருக்கக்கூடும். பெயர் இல்லையெனில் படிவம் 6இல் விண்ணப்பியுங்கள். பிழையிருந்தால் படிவம் 8. பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைகளையும் சேருங்கள். ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் ஒரு மேசையும் இரண்டு இளைஞர்களும் போதும். எக்கட்சியின் பெயரும் அங்கே வேண்டாம். திண்ணையில் எனக்குக் கணிப்பைக் காட்டிய மாணவரிடம் அந்தப் பணியைக் கேட்டிருக்கிறேன், ஒப்புக்கொண்டிருக்கிறார். அதே கைப்பேசியில் இப்போது பட்டியலைத் தேடித் தருவார்.

கணிப்பு வந்தால் படியுங்கள். யார் கேட்டார், யாரைக் கேட்டார், எதற்குக் கேட்டார் என்று விசாரியுங்கள். பிறகு அதை அப்படியே வைத்துவிட்டு, வாக்களிக்கும் நாளில் உங்கள் வீட்டில் முதியவர் ஒருவர் ஆயத்தமாகி அமர்ந்திருந்தால், எல்லா வேலைக்கும் முன்னதாக அவரை அழைத்துச் செல்லுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் செய்தியில் நிதானத்தையும் சாட்சியத்தில் நேர்மையையும் தந்தருள்வானாக. என் தாயாரின் பிழைகளை மன்னித்து அவர்களின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக. நம் நாட்டில் அமைதியையும் நீதியையும் நிலைபெறச் செய்வானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.